நின்று பார்த்த மேகங்கள்

மனிதர்கள் ஜீவனோபாயத்துக்காகச் செய்யும் காரியங்கள் எத்தனையோ இருக்க, மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆகாயத்தைப் பார்ப்பதும் ஓர் உத்தியோகம்தான் என்பதை என் சுற்றத்தார் கடைசிவரை முழுமனத்தோடு ஒப்புக்கொள்ளவில்லை. 1960-களின் தொடக்கத்தில் பாளையங்கோட்டை வானிலை நிலையத்தில் கீழ்நிலை அவதானிப்பாளனாக நான் சேர்ந்த செய்தி கேட்டு, கிராமத்திலிருந்து வந்த என் பெரியப்பா, "ஏல, மழை வருமா வராதான்னு நீயா சொல்லுவ?" என்று ஆவலோடு கேட்டார். அதை நான் சொல்வதில்லை, நான் பார்த்ததை எழுதித் தந்தியில் அனுப்பினால் அதைக்கொண்டு வேறொருவர் சொல்வார் என்று நான் விளக்கியதும், "அப்பம் ஒனக்கு எதுக்குடே சம்பளம்?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையில் சுண்ணாம்பு தடவத் தொடங்கினார். எனக்கும் சட்டென்று பதில் தோன்றவில்லை.

காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் தவறாமல் வெளியே வந்து, வெள்ளையடித்த ஸ்டீவன்சன் பெட்டியைத் திறந்து வெப்பமானிகளைப் படித்து, மழைமானியை அளந்து, அதன்பின் அண்ணாந்து பார்த்து ஆகாயத்தை எட்டுப் பங்காகப் பாவித்து அதில் எத்தனை பங்கை மேகம் மூடியிருக்கிறது என்று குறிப்பதும், தாழ்ந்த மேகம், நடுத்தர மேகம், உயர்ந்த மேகம் என்ற மூன்று அடுக்குக்கும் பூஜ்யம் முதல் ஒன்பது வரையுள்ள இலக்கங்களில் ஒவ்வொன்றைத் தேர்ந்து எழுதுவதும் எங்கள் நித்திய கர்மம். லண்டனில் மருந்து வியாபாரம் செய்துவந்த லூக் ஹோவார்டு என்பவர் 1802-ஆம் ஆண்டில் ஒரு சிறிய சபையின் முன் வாசித்த கட்டுரையில் மேகங்களுக்கு லத்தீன் பெயர்களைச் சூட்டியதும், அந்தப் பெயர்களை ஆதாரமாகக் கொண்டு 1896-இல் சர்வதேச மேக அட்லஸ் வெளிவந்ததும், அதற்கு முன்பே ரால்ஃப் அபர்கிராம்பி என்ற பிரிட்டிஷ்காரர் மேகங்கள் எல்லாத் தேசத்திலும் ஒரே ஜாதிதானா என்று கண்டறிவதற்காகவே உலகத்தை இருமுறை சுற்றிவந்ததும் எங்களுக்குப் பாடமாகச் சொல்லப்பட்டன. உலகம் சுற்றுவதற்கு இதைவிட நல்ல காரணத்தை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

ஆனால், அட்லஸிலுள்ள படங்களை எவ்வளவு சிரத்தையோடு மனப்பாடம் செய்தாலும், அலை வடிவ மேகங்களை இனங்காணும் வித்தை அதிலிருந்து வருவதில்லை. அதை எனக்குக் கற்பித்தவர் அங்கே மூத்த அவதானிப்பாளராக இருந்த ஒருவர். அதிகம் பேசாதவர், உத்தியோக உயர்வுக்கான பரீட்சை எதிலும் விருப்பமில்லாமல், கண்ணும் கையேடுமாக இருபது வருஷங்களுக்கு மேல் அங்கேயே கழித்தவர். ஆனி மாதத்துச் சாயங்காலம் ஒன்றில், மேற்கே பொதிகை மலைக்கு இப்புறமாக, இரு முனையும் கூர்ந்து நடுவில் பருத்து வழுவழுப்பாகத் தோன்றிய ஒரு மேகத்தை நான் வியந்து பார்த்துக்கொண்டு நின்றபோது, அவர் அருகில் வந்து, "மேகத்தைப் பாக்காதடே, கம்பத்தைப் பாரு" என்றார். காற்றுத் திசைகாட்டி நட்டிருந்த இரும்புக் கம்பத்தின் ஓரத்தை அந்த மேகத்தின் விளிம்போடு பொருத்தி, தலையை அசைக்காமல் நிற்கச் சொன்னார். கம்பத்தின் உச்சியில் திசைகாட்டி மேற்கை நோக்கித் துடித்துக்கொண்டிருந்தது. சாரல் காற்றில் எங்கள் வேட்டி படபடத்தது. கீழே சிதறிக் கிடந்த துண்டு மேகங்கள் கம்பத்தைக் கடந்து கிழக்கே ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஒரு மேகம் மட்டும் நகரவில்லை.

"நிக்குது பாத்தியா? காத்து போகுது, மேகம் நிக்குது. அப்பம் அது மேகமில்லடே, அலை" என்று அவர் சொன்னதன் பொருள் விளங்க எனக்கு வெகுநாள் ஆயிற்று. தென்மேற்குப் பருவக் காற்று, 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலையையும் அதன் சுற்றுச் சிகரங்களையும் தாண்டுவதற்காக மேலே ஏறி, தாண்டிய பிறகு கீழே இறங்கி, இறங்கிய வேகத்தில் மறுபடி எழும்பி, இப்படியே ஏற்ற இறக்கமாகக் கிழக்கு நோக்கிப் போகிறது. ஏறும் இடத்தில் குளிர்ந்து அதிலுள்ள ஈரம் நுண்துளியாகிக் கண்ணுக்குத் தெரிகிறது. இறங்கும் இடத்தில் வெப்பமுற்று அத்துளிகள் மீண்டும் ஆவியாகி மறைகின்றன. தாமிரபரணியில் பாபநாசத்துப் பக்கம் நீருக்குள் மூழ்கிய பாறையைக் கடந்து வெள்ளம் ஓடும்போது, பாறைக்குச் சற்றுக் கீழே நீர் ஒரே இடத்தில் மேடிட்டு நிற்குமல்லவா? அந்த மேடு நிற்கிறதே தவிர அதிலுள்ள நீர் நிற்பதில்லை. அவ்வாறே அந்த மேகத்தின் மேற்கு விளிம்பில் ஒவ்வொரு கணமும் புதிய துளிகள் பிறந்துகொண்டும், கிழக்கு விளிம்பில் பழைய துளிகள் அழிந்துகொண்டும் இருந்தன. வாயுமண்டலத்தில் அலை எப்போதும் இருக்கக்கூடும். ஈரம் போதுமான அளவுக்கு இருக்கும் அடுக்கில்தான் அது நமக்குப் பிரத்தியட்சமாகிறது.

லென்டிகுலாரிஸ் என்று சாஸ்திரம் அழைக்கும் இவ்வகை மேகம் மலையுள்ள தேசங்களிலெல்லாம் உண்டு. ஜெர்மானியர்களும் செக் மக்களும் வாழ்ந்த சைலீசிய மலைப்பக்கத்தில் இதை வெகுகாலமாகக் கவனித்துவந்த காட்லீப் மோட்ஸ் என்ற குடியானவரின் பெயர் அவ்வட்டாரப் பேச்சில் 'மோட்ஸகாட்ல்' என்று திரிந்து அந்த மேகத்துக்கே பெயராக நிலைத்துவிட்டது. 1933-இல் அங்கே இயந்திரமில்லாத கிளைடர் விமானத்தில் பறந்தவர்கள் அந்த மேகத்தின் முன்விளிம்பில் தங்களை ஏதோ சக்தி மேலே மேலே ஏற்றிச் செல்வதை உணர்ந்த பிறகுதான், படித்தவர்கள் அந்தக் குடியானவர் பார்த்ததை ஆராயப் புகுந்தார்கள். ஜப்பானில் பிரபு வம்சத்தைச் சேர்ந்த அபே மஸனாவோ என்பவர், ஃபூஜி மலையின் அடிவாரமான கோதெம்பாவில் 1927-ஆம் ஆண்டில் சொந்தச் செலவில் ஒரு நோக்ககம் அமைத்து, மலையுச்சியைத் தொப்பியாக மூடும் மேகத்தையும், மலைக்கு அப்பால் தொங்குவதாகத் தோன்றும் மேகத்தையும் வருஷக்கணக்காகப் படம் பிடித்தார். அவர் புகைப்படக் கருவியோடு திருப்தி அடையாமல் சினிமாக் கருவியையும் கொண்டுவந்து வைத்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எங்கள் மூத்தவர் இரும்புக் கம்பத்தைக்கொண்டு செய்ததை அந்தப் பிரபு படச்சுருளைக்கொண்டு செய்தார். இருவருக்கும் வேண்டியிருந்தது மேகத்தின் உருவமல்ல, அதன் நடை.

அதே ஃபூஜி மலையின் பின்புறத்தில் 1966-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் தேதி பகல் வேளையில், மேகமில்லாத தெளிந்த வானத்தில் பறந்துகொண்டிருந்த போயிங் விமானம் ஒன்று காற்றின் கடுங்கொந்தளிப்பில் சிக்கி நடுவானில் உடைந்து, அதிலிருந்த 124 பேரும் மாண்ட செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது நானும் மூத்தவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஈரமற்ற அன்றைய காற்றில் அலையை அடையாளம் காட்ட ஒரு துண்டு மேகமும் இல்லை.

இதற்குப் பின் சில மாதங்களில் எனக்கு மீனம்பாக்கத்துக்கு மாற்றல் ஆயிற்று. மலை என்று சொல்லத்தக்கது பரங்கிமலையும் திரிசூலமும் மட்டுமே உள்ள இடத்தில் அலை மேகத்துக்கு என்ன வேலை என்று நான் நினைத்ததுண்டு. ஆனால் சென்னையின் ஆடி மாதத்து ஆகாயத்தைப் போல விசித்திரமான ஆகாயம் உலகில் அதிகம் இல்லை என்பதைப் பலூன் விடும் வேலை எனக்குக் காட்டிக்கொடுத்தது. ஹைட்ரஜன் நிரப்பிய சிறு பலூனைப் பறக்கவிட்டு, தியோடலைட் என்ற தொலைநோக்கியால் நிமிஷத்துக்கு ஒருமுறை அதன் கோணத்தைக் குறித்துக்கொண்டே வந்தால், எந்த உயரத்தில் காற்று எப்பக்கம் போகிறது என்று கணக்கிடலாம். இரவில் பலூனின் வாலில் ஒரு காகித விளக்கைக் கட்டி அனுப்புவோம். நட்சத்திரங்களுக்கு நடுவே அது எது என்று தேடுவதில் புதியவர்களின் கண் பிதுங்கிவிடும். ஆடியில், வானம் தெளிந்த அபூர்வமான நாட்களில், மேற்குக் காற்றோடு கிழக்கே கடலை நோக்கிப் புறப்பட்ட பலூன், உயரம் ஏற ஏறத் தயங்கி, நின்று, பிறகு வந்த வழியே மேற்கு நோக்கித் திரும்புவதைத் தொலைநோக்கியில் பார்ப்பது என்னைப் பொறுத்தவரையில் ஒரு நாடகம் பார்ப்பதைவிடச் சுவாரசியமாயிருந்தது.

மேலடுக்கில் வீசும் அந்தக் கிழக்குக் காற்று சாமானியமானதல்ல. தென்னிந்தியாவின்மேல் ஏறத்தாழ 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில், தென்மேற்குப் பருவகாலம் முழுவதும் கிழக்கிலிருந்து மேற்காகப் பாயும் ஒரு பெருங்காற்றோட்டம் இருப்பதை எங்கள் இலாகாவைச் சேர்ந்தவரும் பிற்காலத்தில் அதன் தலைமைப் பதவிக்கு வந்தவருமான கோடீஸ்வரம் 1958-இல் விரிவாக எழுதியிருந்தார். கீழே ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் அதற்கு நேரெதிராக மேற்கிலிருந்து ஒரு பலத்த ஓட்டம் ஜூலையில் தீபகற்பத்தைக் கடக்கிறது என்பதை ஜோசப்பும் ராமனும் 1966-இல் வெளியிட்டார்கள். ஆக, நம் தலைக்கு மேலே ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி ஓடும் இரண்டு ஆறுகள். அவற்றின் நடுவே அடுக்கடுக்காக வேகம் மாறும் காற்று. இதை அறிந்துகொண்ட பிறகு நான் சாயங்கால அவதானத்தின்போது மேகத்தின் அளவைக் குறித்துவிட்டு உடனே உள்ளே போவதை நிறுத்திவிட்டேன்.

நான் சொல்லப்போகும் காட்சி அப்படி நின்ற ஒரு நாளில் கிடைத்தது. ஆடிமாதம், முந்தின இரவு இடிமழை பெய்து ஓய்ந்திருந்தது. பரங்கிமலைக்கு மேலாக வடக்கே, அடிவானத்திலிருந்து சுமார் இருபது பாகை உயரத்தில், சிரஸ் என்ற உயர்ந்த மேகத்தின் நீண்ட மெல்லிய பட்டை ஒன்று கிழக்கு மேற்காகக் கிடந்தது. அதன் கீழ்விளிம்பு கலைந்து கிடக்க, மேல்விளிம்பு மட்டும் கோடிட்டதுபோல நேராக இருந்ததே என் கவனத்தை முதலில் இழுத்தது. பார்த்துக்கொண்டிருக்கையில் அந்த நேர்கோட்டில் சமதூரத்தில் சிறு மேடுகள் எழும்பின. கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பிடித்துப் பார்த்தேன். மேட்டுக்கு மேடு இடைவெளி அதன் அகலத்தைவிடச் சற்று அதிகம், அதாவது உத்தேசமாக ஒரு கிலோமீட்டர். மேடுகள் உயர்ந்தன, உயர்ந்தவை எல்லாம் ஒரே பக்கமாக, மேற்கு நோக்கிச் சாய்ந்தன, சாய்ந்த முடிகள் மெலிந்து நீண்டு வளைந்து தத்தம் பள்ளத்துக்குள் சுருண்டு விழத் தலைப்பட்டன. கரையில் மடியும் கடலலையின் பக்கவாட்டுத் தோற்றத்தை ஒருவர் வரிசையாக எழுதி வைத்ததுபோன்ற அந்த உருவத்தை நான் அதற்குமுன் எந்தப் புத்தகத்திலும் வண்ணப்படமாகக் கண்டதில்லை. உள்ளே இருந்த சகாவைக் கூப்பிட்டேன். அவர் கணக்கை முடித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் சுருள்கள் உடைந்து, பட்டையின் மேல்விளிம்பு பிசிறு பிசிறாகிவிட்டது. "எங்கே சார்?" என்று அவர் நாலுபுறமும் தேடினார். நான் கைகாட்டிய இடத்தில் ஒரு சாதாரண சிரஸ் கிடந்தது.

அத்தகைய சுருள்கள் எழும் காரணத்தை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1868-இலும் கெல்வின் பிரபு 1871-இலும் கணித ரூபமாக நிறுவினார்கள். ஆதலால் இவ்வலைகளுக்கு அவ்விருவர் பெயரும் உண்டு. வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு அடுக்குகளின் எல்லையில் தற்செயலாக ஒரு மேடு எழுந்தால், அதன்மேல் செல்லும் காற்று வேகம் பெற்று அங்கே அழுத்தம் குறைகிறது. குறையவே மேடு மேலும் உயர்கிறது. உயர்ந்த முடியை மேலடுக்கின் காற்று முன்னே தள்ளிச் சுருட்டிவிடுகிறது. கீழிருக்கும் கனத்த காற்று மேலே தூக்கப்பட உடன்படாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். இந்த இழுப்புக்கும் அந்தத் தள்ளுக்கும் உள்ள விகிதத்தைக் குறிக்கும் எண்ணை 1920-இல் வகுத்தவர் ரிச்சர்ட்ஸன். முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே வானிலையைக் கணக்கால் முன்னறிய முயன்றவர் அவர். பிரிட்டிஷ் வானிலை இலாகா விமானப்படை அமைச்சகத்தின் கீழ் போனதும் வேலையையே உதறியவர். எங்கள் துறையில் வழிபடத்தக்கவர் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் அவரைத்தான் சொல்வேன். அவருடைய எண் காற்றில் எங்கும் கால் பாகத்துக்குக் குறையாத வரையில் அலை உடையாது என்பதை 1961-இல் மைல்ஸும் வேறொரு ஹோவார்டும் நிரூபித்தார்கள். நான் பரங்கிமலைக்கு மேலே கண்டது, ஒரு சில நிமிஷ காலத்துக்கு அந்தக் கால் பாகத்துக்குக் கீழே இறங்கிய காற்றை. முடிகள் மேற்கே சாய்ந்ததிலிருந்து, மேகத்துக்கு மேலே இருந்த காற்று மேகத்தைவிட வேகமாக மேற்கே ஓடிற்று என்பதும் தெளிவாயிற்று. எந்தப் பலூனும் அன்று அவ்வளவு உயரம் ஏறி எனக்கு அதைச் சொல்லியிருக்காது.

பதிவேட்டில் என்ன எழுதுவது? உயர்ந்த மேகத்துக்கான பத்து இலக்கங்களில் எதற்கும் அந்த அலை அடங்குவதாயில்லை. அடர்ந்த சிரஸுக்குரிய இரண்டு என்ற இலக்கத்தைப் போட்டுவிட்டு, குறிப்புப் பத்தியில் மணியும் திசையும் கோணமும் சேர்த்து இரண்டு வரி எழுதினேன். மறுநாள் அதைப் பார்த்த மேலதிகாரி, குறிப்புப் பத்தி இடி, மின்னல், புழுதிக்காற்றுக்காக ஏற்பட்டது என்று நயமாகச் சொன்னார். தந்தியில் போனது அந்த இரண்டு மட்டுமே. உலகத்து நிலையங்கள் அனைத்திலிருந்தும் ஒரே கணக்கில் ஆகாயத்தைத் திரட்ட வேண்டுமானால் இத்தகைய குறுக்கல் தவிர்க்க முடியாதது என்பதை நான் அறிவேன். ஆயினும் அன்று எனக்கு வருத்தமாகவே இருந்தது.

அபூர்வம் என்று சொல்லப்படும் இந்தச் சுருள் மேகத்தின் பெயரால் ஜனங்கள் காட்டுவது பெரும்பாலும் அண்டுலாட்டஸ் என்ற வேறொன்று. உழவு சால்களைப் போல ஒன்றுக்கொன்று இணையாக, வானத்தின் பாதியை அடைத்துக்கொண்டு வரும் ஆல்டோகியுமுலஸ் என்ற நடுத்தர மேக வரிகளை மார்கழி தை மாதங்களில் யாரும் பார்க்கலாம். அவையும் அலைகளே, ஆனால் அவற்றின் இரு பக்கமும் ஒரே சரிவாக இருக்கும், முடி ஒருபுறம் சாயாது, சுருளாது, காற்றோடு கூடவே சாவதானமாக நகர்ந்துபோகும். ஆஸ்திரேலியாவின் வடகரையில், கார்ப்பென்டேரியா வளைகுடாவை அடுத்த பர்க்டவுனில், செப்டம்பர் அக்டோபர் மாதங்களில் விடியற்காலையில் உருண்டு வரும் 'மார்னிங் குளோரி' வேறு ரகம்: சில சமயம் ஆயிரம் கிலோமீட்டர் நீளமுள்ள ஒற்றைக் குழாயாக, தாழ்வாக, உடையாமல் வருவது. அதன்மீது கிளைடரில் சவாரி செய்ய உலகின் பல பாகங்களிலிருந்தும் ஆட்கள் போகிறார்களாம். எனக்கு அந்த ஆசை இருந்தது, பாஸ்போர்ட்தான் இல்லை.

நான் ஓய்வுபெற்று வெகுகாலம் கழித்து, 2017-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி, உலக வானிலை தினத்தன்று, அட்லஸின் புதிய பதிப்பு வந்தது. அதில் என் பரங்கிமலைச் சுருளுக்கு 'ஃப்ளக்டஸ்' என்ற இடமும், பர்க்டவுன் உருளைக்கு 'வால்யூட்டஸ்' என்ற இடமும், மேகத்தின் அடிப்புறம் கொந்தளிக்கும் கடலைத் தலைகீழாகப் பார்ப்பதுபோல் குழம்பிக் கிடக்கும் உருவத்துக்கு 'ஆஸ்பெரிட்டாஸ்' என்ற இடமும் கிடைத்தன. கடைசியாகச் சொன்னது பிரிட்டனில் 2005-இல் தொடங்கிய மேக ரசிகர்கள் சங்கம் ஒன்றின் விடாமுயற்சியால் அட்லஸில் ஏறியது என்பது எனக்குப் பரம சந்தோஷம். சம்பளமில்லாமல் பார்த்தவர்கள், சம்பளம் வாங்கிப் பார்த்தவர்களுக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது கைப்பேசி வைத்திருக்கும் உறவுப் பிள்ளைகள் எல்லாரும் எனக்கு மேகப்படம் அனுப்புகிறார்கள். தேனியில் வேலை பார்க்கும் என் தம்பியின் பேரன் போன ஆனியில் ஒரு படம் அனுப்பி, "தாத்தா, இது ஃப்ளக்டஸ்தானே?" என்று கேட்டிருந்தான். மேற்கு மலைக்கு இப்பால் வானத்தில் மூன்று வளைவுகள் வரிசையாக இருந்தன. ஒன்றின் முனை மடிந்திருப்பதாகவும் தோன்றிற்று. படத்தை வைத்துக்கொண்டு நான் எதுவும் சொல்லவில்லை. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பை மேகத்தோடு சேர்த்து, கையை அசைக்காமல், ஐந்து நிமிஷம் ஓடும் படமாக எடுத்து அனுப்பச் சொன்னேன். நல்லவேளையாக அது அதற்குள் கலைந்துவிடவில்லை. துண்டு மேகங்கள் தொட்டியைத் தாண்டி ஓடின. மூன்று வளைவுகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. லென்டிகுலாரிஸ் என்று எழுதினேன்.

"அப்போ அபூர்வம் இல்லையா?" என்று உடனே கேட்டான். அவனுக்கு நான் எழுதிய பதில் இது: ஆடியில் சென்னைக்கு வந்தால் மாலை ஐந்து மணிக்கு மேல் மொட்டைமாடிக்குப் போ. சிரஸ் கிழக்கிலிருந்து வருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள். வருமானால், வடக்கே அல்லது தெற்கே திரும்பி நில். மேற்கே பார்த்து நின்றால் சுருளின் பக்கவாட்டுத் தோற்றம் தெரியாது. மேல்விளிம்பு நேராக உள்ள பட்டையைத் தேர்ந்தெடு. யாரையும் கூப்பிடக் கீழே இறங்கிப் போகாதே.